டிராவியனில் குதிரைப் படையின் தீனிச் செலவைக் கட்டடங்களால் குறைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அஞ்செட்டிப் பக்கம் ஒரு கெடா விருந்து. காட்டு ஓரம், போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. கிளம்பும் முன் டிராவியன் ஆட்டத்தில் என் ஊருக்குக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் போனேன்: குதிரில் 80,000 தானியம், மணிக்கு 4,000 குறைகிறது, ஆக 20 மணி நேரம் தாங்கும். சரியாக இருபதாவது மணி நேரத்தில் தேன்கனிக்கோட்டை வந்து போனைத் திறந்தால், முப்பத்துச் சொச்சம் குதிரை வீரர்கள் பட்டினியில் செத்திருந்தார்கள். லாயத்தில் நான் வரிசை போட்டுவிட்டுப் போன புதுக் குதிரைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, வந்த நிமிடமே தின்ன ஆரம்பித்திருக்கின்றன. கிளம்பும்போது 4,000 ஆக இருந்த பற்றாக்குறை, நேரம் ஆக ஆக 4,500-ஐத் தாண்டிவிட்டது. குதிர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகவே காலி.

அன்றைக்குத்தான் தீனிச் செலவை ஒழுங்காகப் படித்தேன். 2004-இல் ஜெர்மனியில் தொடங்கிய டிராவியன் பிரவுசரிலேயே ஓடும் ஆட்டம், பெரிய கம்ப்யூட்டர் தேவையில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிற என்னைப் போன்றவர்களுக்கு, சூளகிரி தாண்டுவதற்குள் நாலு ஊருக்கும் கட்டட வேலை கொடுத்து முடித்துவிடலாம். நம் பக்கத்துப் பையன்கள் பலர் ரோமன் இனத்தை எடுத்துவிட்டுக் குதிரை தின்பதைப் பார்த்து மிரண்டுபோகிறார்கள். இது அவர்களுக்கு. எண்களெல்லாம் சாதாரண வேக சர்வருக்கானவை.

ஆட்டத்தில் ‘க்ராப்’ என்று வருவதைத் தானியம் என்றும், ‘க்ரானரி’யைக் குதிர் என்றும், ‘ஹார்ஸ் டிரிங்கிங் டிரஃப்’ என்ற கட்டடத்தைக் குதிரைத் தொட்டி என்றும் எழுதுகிறேன். நம் ஊர்களில் டேங்க் அடியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சிமெண்டுத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும்.

முதல் படி: யார் எவ்வளவு தின்கிறார்கள்?

டிராவியனில் படைக்குச் சம்பளம் கிடையாது, சோறுதான். ஒவ்வொரு வீரனும் மணிக்கு இவ்வளவு தானியம் என்று நிலையான கணக்கு. ரோமன் படையில் காலாள் மூன்று வகை: லெஜியனர், ப்ரிட்டோரியன், இம்பீரியன். மூன்றுமே ஆளுக்கு 1. குதிரையில் வேவு பார்க்கும் ஈக்விடெஸ் லெகாட்டிக்கு 2, ஈக்விடெஸ் இம்பெராட்டோரிஸுக்கு 3, ஈக்விடெஸ் சீசரிஸுக்கு 4. ஆட்டக்காரர்கள் சுருக்கமாக ஈஎல், ஈஐ, ஈசி என்பார்கள். (பத்திர ஆபீஸ் போய்வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு: இந்த ஈசி வில்லங்கச் சான்று இல்லை. வில்லங்கம் என்னவோ உண்டு.) மதில் இடிக்கும் ராம் 3, கேட்டபுல்ட் 6, செனட்டர் 5, உங்கள் ஹீரோ ஒருவரே 6.

இது போக ஊரின் மக்கள்தொகையும் தின்னும், தலைக்கு மணிக்கு 1. எந்தக் கட்டடத்தை ஏற்றினாலும் மக்கள்தொகை கொஞ்சம் கூடும். ஆகவே செலவைக் குறைக்கக் கட்டும் கட்டடமும் ஒரு கவளம் தின்றுவிட்டுத்தான் வேலை செய்யும். தேவையில்லாத கட்டடம் இருந்தால், மெயின் பில்டிங் 10-ஆம் நிலைக்கு வந்தபின் அதை இடிக்கலாம். பெரிய மிச்சம் இல்லை, ஆனால் இடம் காலியாகும், அந்த இடம் நமக்குப் பின்னால் வேண்டும்.

சண்டைக்கு அனுப்பிய படை வழியில் இருக்கும்போதும் அதற்குச் சொந்த ஊர்தான் சோறு போடும். இன்னோர் ஊருக்குத் துணையாக நிறுத்திவைத்த படைக்கு அந்த ஊர் போடும். கூட்டணி நண்பர் அன்போடு 800 குதிரை அனுப்பிவைத்தால், நன்றி சொல்லிவிட்டு உடனே குதிரில் தானியம் எவ்வளவு இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

இரண்டாம் படி: செலவைக் குறைக்கும் முன் வரவு

தலைப்பு செலவைப் பற்றியது என்றாலும் இதைத் தாண்டிப் போக முடியாது. தொட்டி கட்ட நாள் ஆகும், அதுவரை குதிரைகள் சாகாமல் இருக்க வேண்டும்.

தானிய வயல் ஒன்று 10-ஆம் நிலையில் மணிக்கு 280 தரும். சாதாரண ஊரில் ஆறு வயல், ஆக 1,680. வயல் 5-ஆம் நிலைக்கு வந்ததும் மாவு மில் கட்டலாம். நிலைக்கு 5 சதவீதம் வீதம் ஐந்து நிலையில் 25 சதவீதம் கூடும். மில் ஐந்தும் முடிந்து, ஒரு வயலாவது 10-க்கு வந்திருந்தால் பேக்கரி, அதுவும் அதே மாதிரி 25. இரண்டும் சேர்ந்து 1,680 என்பது 2,520 ஆகும். இவை நிலைக்கு நிலை விலை தடாலென்று ஏறுபவை, முந்தையதைப் போல 1.8 மடங்கு. மில்லை யோசிக்காமல் கட்டலாம். பேக்கரியின் கடைசி இரண்டு நிலைகளை வயல்களெல்லாம் 10 ஆகும்வரை தள்ளிப் போடுங்கள், சதவீதம் என்பது அடியில் இருக்கும் தொகையைப் பொறுத்ததுதானே.

2,520-இல் மக்கள்தொகைக்கு ஒரு 800 போனால் மிச்சம் 1,720. இதில் எத்தனை ஈஐ வளர்க்கலாம்? 573. யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆறு வயல் ஊரில் குதிரைப் படை வைக்க நினைப்பது களிமண்ணே இல்லாத இடத்தில் சூளை போடுவது மாதிரி.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பதினைந்து வயல் ஊரைத் தேடி அலைகிறார்கள். அங்கே 15 வயலும் 10-ஆம் நிலையில் 4,200. மில், பேக்கரி சேர்த்தால் 6,300. பக்கத்தில் 50 சதவீதம் தானியம் கூட்டித் தரும் ஒயாசிஸ் (ஊர் இல்லாத காட்டு இடம்) ஒன்று பிடித்தால் 8,400, மூன்று பிடித்தால் 12,600. ஒயாசிஸ் பிடிக்க ஹீரோஸ் மேன்ஷன் வேண்டும்: 10-ஆம் நிலையில் ஒன்று, 15-இல் இரண்டாவது, 20-இல் மூன்றாவது. ஊரை நடுவில் வைத்து ஏழுக்கு ஏழு கட்டத்துக்குள் இருக்கும் ஒயாசிஸ் மட்டும்தான் கணக்கு, அங்கே இருக்கும் காட்டு விலங்குகளை முதலில் அடித்துத் துரத்த வேண்டும். அந்த ஊரையே தலைநகரமாக்கினால் வயல்களை 10-க்கு மேலும் ஏற்றலாம். இந்த இடத்தைப் பிடிக்க முதல் வாரத்திலிருந்தே போட்டி நடக்கும், தாமதித்தால் ஒன்பது வயல் ஊரோடு சமாதானம் ஆக வேண்டியதுதான்.

மூன்றாம் படி: குதிரைத் தொட்டி

ரோமர்களுக்கு மட்டும் உள்ள கட்டடம் இது. கால் (Gaul), ட்யூட்டன் இனங்களை எடுத்தவர்கள் இந்தப் பகுதியை வேடிக்கை பார்க்கலாம்.

கட்டத் தேவை இரண்டு: லாயம் 20-ஆம் நிலை, படை திரளும் இடமான ராலி பாயிண்ட் 10-ஆம் நிலை. லாயத்துக்கே அகாடமி 5, ஸ்மித்தி 3 வேண்டும். ஈசி வேண்டுமென்றால் அகாடமி 15 வரை போக வேண்டும். ஆகத் தொட்டி என்பது ஆட்டத்தின் நடுப்பகுதியில் வருகிற சமாசாரம், முதல் மாதத்தில் அதைப் பற்றிக் கனவு காண வேண்டாம்.

தொட்டி செய்யும் வேலை இரண்டு. ஒவ்வொரு நிலைக்கும் குதிரைப் பயிற்சி ஒரு சதவீதம் வேகமாகும், அது சில்லறை. முக்கியமானது தீனி:

10-ஆம் நிலை: ஈஎல் 2-லிருந்து 1
15-ஆம் நிலை: ஈஐ 3-லிருந்து 2
20-ஆம் நிலை: ஈசி 4-லிருந்து 3

இடைப்பட்ட நிலைகளில் தீனி துளிகூடக் குறையாது. 14-ஆம் நிலையில் நிறுத்திவிட்டு ‘கொஞ்சமாவது குறைந்திருக்குமே’ என்று பார்த்தால் ஒன்றும் இருக்காது. 15-க்குப் போகப் போகிறீர்களா இல்லையா என்று 11 தொடங்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

எங்கள் கூட்டணியில் தர்மபுரி நெசவாளர் காலனிப் பையன் ஒருவன், கல்லூரி படிக்கிறான், ஒருநாள் கேட்டான்: “அண்ணா, ஒவ்வொரு ஊர்லயும் நூறு நூறு குதிரை வச்சிருக்கேன், எல்லா ஊர்லயும் தொட்டி கட்டணுமா?” நான் சொன்னேன்: “தம்பி, நூறு குதிரைக்கு ஒரு தொட்டி கட்டறதுக்குப் பதிலா நூறையும் கொண்டுபோய் ஒரே லாயத்துல சேரு.” அவனுக்கு அப்போது பிடிக்கவில்லை. ஐந்து ஊரில் ஐந்து லாயம் 20 வரை ஏற்றுவது எவ்வளவு செலவு என்று கூட்டிப் பார்த்தபின் பிடித்துப்போனது. குதிரைக்கென்று ஒரே ஊர்: லாயம், தொட்டி, பதினைந்து வயல், ஒயாசிஸ் எல்லாம் அங்கே. மற்ற ஊர்களில் காலாளும் மரமும் இரும்பும்.

இந்த யோசனையை வெள்ளைக்காரனும் செய்திருக்கிறான். ஓசூர் மத்திகிரியில் இருக்கும் கால்நடைப் பண்ணையை 1824-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது படைக்குக் குதிரை வளர்க்கத்தான். மேய்ச்சல், தண்ணீர், குளிர்ந்த மேட்டு நிலம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு என் ஊரின் லாயம்தான் ஞாபகம் வரும்.

நான்காம் படி: எதுவரை கட்டுவது?

வழிகாட்டிகளில் பெரும்பாலும் ‘20 வரை கட்டு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

டிராவியனில் பெரும்பாலான கட்டடங்களைப் போலத் தொட்டியும் நிலைக்கு நிலை ஏறத்தாழ 28 சதவீதம் விலை ஏறும். கேட்க லேசாக இருக்கும். ஆனால் கூட்டிப் பாருங்கள்: 16 முதல் 20 வரையிலான ஐந்து நிலைகளுக்கு ஆகும் செலவு, 1 முதல் 15 வரை ஆன மொத்தச் செலவைப் போல இரண்டரை மடங்கு. அதே போல 11 முதல் 15 வரை ஆவது முதல் பத்து நிலைகளின் செலவைவிட இரண்டரை மடங்குக்கும் மேல்.

இனி போட்டதைத் திருப்பி எடுக்க எத்தனை நாள் என்று பார்ப்போம். 15 வரை நான்கு வளமும் சேர்த்து 3,40,000 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் 1,000 ஈஐ இருந்தால் மணிக்கு 1,000 மிச்சம். போட்டதை எடுக்க 340 மணி நேரம், பதினான்கு நாள். 300 ஈஐ-தான் இருக்கிறது என்றால் நாற்பத்தேழு நாள். 16-லிருந்து 20 வரை இரண்டரை மடங்கு, 8,50,000. 1,000 ஈசி வைத்திருந்தால் 850 மணி நேரம், முப்பத்தைந்து நாள். ஒரு சுற்று பல மாதம் ஓடும் ஆட்டத்தில் முப்பத்தைந்து நாள் சரிதான், ஆனால் சுற்று முடிய ஒரு மாதம் இருக்கும்போது 20-க்குப் போவது வீண்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. செலவு மரம், களிமண், இரும்பு, தானியம் நான்கிலும் போகிறது, மிச்சம் தானியத்தில் மட்டும் வருகிறது. படை பெருத்தபின் தட்டுப்பாடு தானியத்துக்குத்தான், மற்ற மூன்றும் கிடங்கில் நிரம்பி வழியும். ஆகத் தொட்டி கட்டுவது, வழிந்து வீணாகப் போகிற இரும்பைத் தானியமாக மாற்றுவதற்குச் சமம். இந்தக் கோணத்தில் பார்த்தால் மேலே போட்ட கணக்கைவிட நிலைமை கொஞ்சம் நன்றாகவே இருக்கும்.

ஐந்தாம் படி: தொட்டி வந்தபின் எந்தக் குதிரை?

ஒரு மணி தானியத்துக்கு எவ்வளவு தாக்குதல் கிடைக்கிறது என்று வகுத்துப் பார்த்தேன். ஈஐ தாக்குதல் 120. தொட்டி இல்லாமல் 3 தின்னும், ஆக 40. தொட்டி இருந்தால் 60. ஈசி 180, தொட்டி இல்லாமல் 45, இருந்தால் இதுவும் 60. இம்பீரியன் காலாள் 70, தின்பது 1, ஆக 70.

ஆமாம், தொட்டியை 20 வரை கட்டிய பின்னும் தானியத்துக்குத் தாக்குதல் என்ற கணக்கில் காலாள்தான் முன்னால். இதைக் கூட்டணியில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை, குதிரை என்றாலே நமக்கு ஒரு மோகம். பெரிய தாக்குதல் படை கட்டுகிறவர்கள் இம்பீரியனை ஒதுக்கிவிட்டு லாயத்தை மட்டும் ஓட்டுவது தப்பு. காலாளுக்குப் பயிற்சி தரும் பேரக்ஸும் லாயமும் இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், காரணம் லாயம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நேரம் போய்க்கொண்டே இருக்கும்.

குதிரை ஜெயிக்கும் இடம் ரெய்டு, அதாவது அடுத்த ஊர் வளத்தைக் கொள்ளையடிப்பது. ஈஐ 100 வளம் தூக்கும், மணிக்கு 14 கட்டம் ஓடும். இம்பீரியன் 50 தூக்கும், 7 கட்டம் நடக்கும். தானியத்துக்கு எவ்வளவு சுமை என்று பார்த்தால் தொட்டி இல்லாத ஈஐ 33, இம்பீரியன் 50. தொட்டி 15 வந்த அன்று ஈஐ-யும் 50 ஆகிவிடுகிறது, அதுவும் இரட்டை வேகத்தோடு. ஒரு நாளில் இரண்டு மடங்கு சவாரி. ஆகத் தினமும் ரெய்டு போகிறவருக்கு 15-ஆம் நிலைதான் உண்மையான தங்கச் சுரங்கம், அங்கேயே நிறுத்திவிட்டாலும் குறையில்லை. ஈசி 70 தூக்கும், 10 கட்டம் ஓடும், விலை 2,170 வளம். அதை ரெய்டுக்கு அனுப்புவது கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு களை எடுக்கப் போவது.

ஈஎல் விஷயம் தனி. வேவுக்காரர்கள் 200 பேர் இருந்தால் 10-ஆம் நிலையில் மணிக்கு 200 மிச்சம். அதற்காக மட்டும் தொட்டி கட்ட வேண்டாம், போகிற வழியில் கிடைக்கும் லாபம்.

ஆறாம் படி: குதிரும் சந்தையும்

இது செலவைக் குறைக்காது, செலவைத் தாங்க வைக்கும். குதிர் 20-ஆம் நிலையில் 80,000 பிடிக்கும். முதல் குதிர் 20 ஆனபின்தான் இரண்டாவது கட்டலாம். குதிரை ஊரில் குறைந்தது இரண்டு வையுங்கள், இடித்துக் காலி செய்த இடம் இதற்குத்தான். பற்றாக்குறை 4,000 என்றால் 1,60,000 நாற்பது மணி நேரம் வரும், ஆனால் லாய வரிசையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், என்னை மாதிரி வேண்டாம். எளிய வழி: வரிசையில் உள்ள குதிரைகள் எல்லாம் இப்போதே வந்துவிட்டதாக வைத்துப் பற்றாக்குறையைக் கணக்கிட்டு, அதற்கு எத்தனை மணி நேரம் தாங்கும் என்று பாருங்கள்.

மற்ற ஊர்களிலிருந்து தானியம் வரவழைக்கச் சந்தை. ரோமன் வியாபாரி ஒருவர் 500 தூக்குவார், சந்தை 20-இல் இருபது பேர், ஒரு நடைக்கு 10,000. ட்யூட்டன் வியாபாரி 1,000 தூக்குவதைப் பார்த்து வயிறெரியும். சந்தை 20, லாயம் 10 இருந்தால் ட்ரேட் ஆபீஸ் கட்டி இந்தச் சுமையைக் கூட்டலாம், தானியம் அனுப்பும் ஊர்களில் அதைக் கட்டுவது லாபம். அவசரத்துக்கு மூன்று கோல்டு கொடுத்து என்பிசி வியாபாரியிடம் இருப்பில் உள்ள வளங்களை அப்படியே தானியமாக மாற்றிக்கொள்ளலாம். காசு போடாமல் ஆடுகிறவர்கள் இந்தக் கோல்டை மற்ற எதற்கும் செலவழிக்காமல் இதற்கென்று ஒதுக்கி வைப்பது நல்லது.

ஏழாம் படி: ஆர்டிஃபாக்ட் வரும் காலம்

ஆட்டத்தின் பிற்பகுதியில், கம்ப்யூட்டரே ஆடும் நட்டார் இனத்தின் ஊர்களில் ஆர்டிஃபாக்ட்கள் (சிறப்புப் பலன் தரும் பொருள்கள்) தோன்றும். அதில் தீனியைக் குறைக்கும் வகை ஒன்று உண்டு. சின்னது ஓர் ஊருக்கு மட்டும், அங்கே தீனி பாதியாகும். பெரியது உங்கள் எல்லா ஊருக்கும், முக்கால் பங்காகும். தனித்துவமானது எல்லா ஊருக்கும், பாதி. சின்னதைப் பிடித்து வைக்க ட்ரெஷரி 10, மற்ற இரண்டுக்கும் 20 வேண்டும். ட்ரெஷரி கட்ட மெயின் பில்டிங் 10.

முழுப் படையும் ஒரே ஊரில் இருப்பவருக்குச் சின்னதே பெரியதைவிட நல்லது, பாதி என்பது முக்காலைவிடக் குறைவுதானே. மூன்றாம் படியில் குதிரைகளை ஒரே லாயத்தில் சேர்க்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் பிடிக்கப் போட்டி கடுமை, கிடைத்தபின் காப்பது அதைவிடக் கடுமை. கூட்டணியோடு பேசி முடிவெடுங்கள். தனியாளாகப் பிடித்து மூன்றாம் நாள் பறிகொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரிசை மறந்துபோனால் இதைப் பாருங்கள்

முதலில் மில். பிறகு பதினைந்து வயல் ஊரைப் பிடித்து வயல்களை 10 ஆக்குதல். ஹீரோஸ் மேன்ஷன் 10, முதல் ஒயாசிஸ். பேக்கரி. இதற்கிடையே லாயம் 20, ராலி பாயிண்ட் 10. தொட்டி 15 வரை ஒரே மூச்சில். அதன்பின் ஈஐ பயிற்சியை முழு வேகத்தில் விடலாம். ஈசி 1,000-ஐத் தொட்டு, சுற்று முடிய இரண்டு மாதமாவது இருந்தால் 20.

லாயம் 20 முடியும்வரை பொறுமை இல்லாமல் ஈஐ-யை நூறு நூறாகச் சேர்க்கிறவர்கள்தான் பட்டினியில் மாட்டுகிறார்கள். அந்த இடைவெளியில் பேரக்ஸில் இம்பீரியன் எடுங்கள், அது தின்பது 1-தான். வெளியூர் கிளம்பும் முன், குறிப்பாக அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கம் போவதானால், லாய வரிசையைக் காலியாக விட்டுவிட்டுப் போங்கள்.